பழைய சேர்வருக்கு ரேம் கூட்டுவது: எந்த ஸ்டிக், எத்தனை, எந்த ஸ்லொட்டில்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ்களிலும் பாடசாலைகளிலும் நான் அடிக்கடி பார்ப்பது டெல் பவர்எட்ஜ் ஆர்710, ஆர்720, எச்பி புரோலயன்ட் டிஎல்380 ஜி7, ஜென்8 போன்ற சேர்வர்களைத்தான். பத்து வருடம் தாண்டியும் சளைக்காமல் ஓடுகின்றன. புதிது வாங்கப் பணம் ஒதுக்க மாட்டார்கள், ஆனால் ரேம் கூட்டச் சம்மதிப்பார்கள். சரியாகக் கூட்டினால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்வர் ரேம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போக வேண்டும், அல்லது கொழும்பிலிருந்து பார்சலில் வரவழைக்க வேண்டும். பொருந்தாத ஸ்டிக் வந்துவிட்டால், கடைக்காரர் மாற்றித் தந்தாலும் உங்களுக்கு ஒரு நாள் போய்விடும். அதனால் முடிவு முழுவதையும் காசு கொடுக்கும் முன்னால், ஒரு தாளில் எழுதி எடுத்துவிடுங்கள். எத்தனை ஜிபி என்ற கேள்விக்கு முன்னால் தெரிய வேண்டியது, அந்த ஜிபியை எத்தனை ஸ்டிக்காகப் பிரித்து எங்கே வைக்கப் போகிறோம் என்பது.

உண்மையிலேயே ரேம்தான் குறைகிறதா?

சேர்வர் மெதுவாக இருக்கிறது என்றதும் ரேம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி இடங்களில் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். வேலை அதிகமாக நடக்கும் நேரத்தில் பாருங்கள். தொழிற்சாலை என்றால் மாதக் கடைசியில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பட்டியல்) கணக்கு முடிக்கும் நாட்கள், பாடசாலை என்றால் எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் லொகின் செய்யும் வேளை.

லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளையை அடித்தால் வரும் ‘அவைலபிள்’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசை சிறிதாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஆகப் பயன்படுத்திக்கொள்ளும். ‘விஎம்ஸ்டாட்’ காட்டும் ஸ்வாப் எண்கள் (ரேம் போதாமல் தரவை டிஸ்குக்கு மாற்றி மாற்றி எடுப்பதன் அளவு) தொடர்ந்து பூச்சியத்துக்கு மேல் நின்றால் ரேம் குறைகிறது என்று நம்பலாம். விண்டோஸில் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபோல்ட் (ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுப்பது) எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

அப்புறம் மென்பொருளின் எல்லை. இதைப் பார்க்காமல் காசைக் கொட்டியவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்ட் பதிப்பு 32 ஜிபிக்கு மேல் எடுக்காது, நீங்கள் 96 ஜிபி போட்டாலும் மீதி வீண். அதற்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, ஆகவே ரேமுக்கு முன் அதை மாற்றுவதே முறை. கணக்கு மென்பொருள்கள் பல எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுகின்றன. 2012, 2014 பதிப்புகளில் தரவைத் தாங்கும் பஃபருக்கு அது எடுப்பது 1 ஜிபிதான், 2016இலிருந்து சுமார் 1.4 ஜிபி. அப்படி ஒரு மென்பொருள் மட்டும் ஓடும் சேர்வருக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், ரேமை விடுங்கள்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது

மூடியைத் திறக்காமலே பெரும்பாலானதைத் தெரிந்துகொள்ளலாம். சேர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் பக்கத்தில், டெல் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ, லொகின் செய்தால் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் என்ன ஸ்டிக், என்ன வேகம் என்று வரிசையாகக் காட்டும். லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ கட்டளையும் அதையே சொல்லும். எழுதிக்கொள்ள வேண்டியவை: சேர்வரின் சரியான மொடல், எத்தனை புரொசசர், அதன் முழு எண், எந்தெந்த ஸ்லொட்டில் எவ்வளவு, ஒவ்வொரு ஸ்டிக்கின் பார்ட் நம்பர்.

புரொசசர் எண்ணை ஏன் கேட்கிறேன் என்றால், மெமரி கட்டுப்படுத்தி இருப்பது புரொசசருக்குள்தான். ஆர்720இல் உள்ளது சியோன் இ5-2620 முதல் பதிப்பு என்றால் ரேம் அதிகபட்சம் 1333இல் ஓடும். இ5-2609 என்றால் 1066. இ5-2650 என்றால் 1600. ஆர்710இல் இ5620 இருந்தால் 1066க்கு மேல் போகாது. வேகமான ஸ்டிக்கைப் போடுவதால் கெடுதல் எதுவும் இல்லை, அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதுதான் வீண்.

இரண்டாவது புரொசசர் இல்லாத சேர்வரில் அதற்குரிய ஸ்லொட்டுகள் (டெல்லில் பி என்று தொடங்குபவை) வேலை செய்யாது. வெறுமையாகக் கிடக்கிறதே என்று அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஸ்டிக்கரை வாசிக்கும் விதம்

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ‘8ஜிபி 2ஆர்எக்ஸ்4 பிசி3எல்-10600ஆர்’ என்பது போல ஒரு வரி ஆங்கில எழுத்தில் இருக்கும். இந்த ஒரு வரியில் எல்லாமே அடக்கம்.

முதலில் வருவது கொள்ளளவு. ‘2ஆர்’ என்றால் இரண்டு ரேங்க், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கும் சிப்புத் தொகுதிகள் இரண்டு. ‘எக்ஸ்4’ என்பது ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் நான்கு பிட் தரும் என்பதைச் சொல்கிறது. ‘பிசி3’ என்றால் டிடிஆர்3, பின்னால் ‘எல்’ இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடும், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். இரண்டையும் கலந்தால் எல்லாமே 1.5 வோல்ட்டில் ஓடும், அவ்வளவுதான். 8500 என்றால் 1066 வேகம், 10600 என்றால் 1333, 12800 என்றால் 1600, 14900 என்றால் 1866.

கடைசி எழுத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர் என்றால் ரெஜிஸ்டர்ட், அதாவது புரொசசரின் கட்டளைகளை இடையில் வாங்கித் தரும் ரெஜிஸ்டர் சிப் உள்ள ஆர்டிம். எல் என்றால் தரவுக்கும் பஃபர் சிப் உள்ள எல்ஆர்டிம். ஈ என்றால் பிழை திருத்தும் ஈசிசி வசதியுள்ள, ஆனால் ரெஜிஸ்டர் இல்லாத யூடிம். யூ என்றால் சாதாரண மேசைக் கணினி ரேம். இந்த வகைகளை ஒரே சேர்வரில் கலக்க முடியாது. கலந்தால் சேர்வர் எழும்பாது, அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

டிடிஆர்3இல் ஆர்டிமும் யூடிமும் ஒரே 240 முள் வடிவம், வெட்டும் ஒரே இடத்தில். அதனால் ஸ்லொட்டில் அழகாக உட்காரும். சியோன் இ3 போட்ட சிறிய சேர்வர்களுக்கு, உதாரணமாக டெல் டி110 II, எச்பி மைக்ரோசேர்வர் ஜென்8, ஆர்டிம் ஒத்துவராது. பழைய ஆர்டிம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் இந்தச் சிறிய மெஷின்களுக்கும் அதையே வாங்கி வந்துவிடுகிறார்கள். அவற்றுக்கு ஈசிசி யூடிம்தான் தேவை. மைக்ரோசேர்வர் ஜென்8இல் ஸ்லொட் இரண்டு, உச்ச அளவு 16 ஜிபி. டி110 II என்றால் 32 ஜிபி.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சிப்புகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் எட்டின் மடங்காக இருந்தால் ஈசிசி கிடையாது. ஒன்பதின் மடங்கு என்றால் ஈசிசி: 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பு சேர்ந்து 72. நடுவில் இவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு சிப் தனியாக இருந்தால் அது ரெஜிஸ்டர். ஸ்டிக்கை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இது ஐந்து வினாடி வேலை.

எக்ஸ்4, எக்ஸ்8 இரண்டில் எது? கிடைத்தால் எக்ஸ்4. ஒரு சிப் முழுவதுமே செத்துப்போனாலும் சமாளிக்கும் பாதுகாப்பு இந்த சியோன் சேர்வர்களில் சாதாரண நிலையில் எக்ஸ்4 ஸ்டிக்குகளுக்குத்தான் கிடைக்கும். எக்ஸ்8க்கும் அது வேண்டுமானால், இரண்டு சனல்களை (ரேமுக்குப் போகும் பாதைகளை) ஒன்றாகச் சேர்த்து இயக்கும் லொக்ஸ்டெப் நிலைக்கு மாற வேண்டும், அதற்கு வேகத்தில் விலை கொடுக்க வேண்டும்.

சனல் கணக்கு

இதுதான் முழு விஷயத்தின் நடுக்கட்டு. புரொசசருக்கும் ரேமுக்கும் இடையே பல சனல்கள், அதாவது தரவுப் பாதைகள், உண்டு. ஆர்710, டிஎல்380 ஜி7 தலைமுறையில் ஒரு புரொசசருக்கு மூன்று சனல், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்லொட். இரண்டு புரொசசருக்கும் சேர்த்து 18 ஸ்லொட். ஆர்720, டிஎல்380பி ஜென்8 தலைமுறையில் நான்கு சனல், மொத்தம் 24 ஸ்லொட்.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நாலு தராசு இருந்தும் ஒன்றின் முன்னால் மட்டும் எல்லாரும் வரிசையில் நின்றால் என்ன ஆகும், அதுதான் ஒரே சனலில் எல்லா ரேமையும் அடுக்கினாலும் நடக்கும். எல்லா சனலிலும் ஒரே அளவு இருந்தால் புரொசசர் தரவை எல்லாவற்றிலும் பரவலாகப் பிரித்து ஒரே நேரத்தில் எடுக்கும்.

ஆகவே ஆர்710க்கு ஸ்டிக்கின் எண்ணிக்கை ஒரு புரொசசருக்கு மூன்றின் மடங்காக இருக்க வேண்டும்: மூன்று அல்லது ஆறு. 8 ஜிபி ஸ்டிக் என்றால் இரண்டு புரொசசருக்கும் சேர்த்து 48 அல்லது 96 ஜிபி என்று வரும். 32, 64 என்ற வட்டமான எண்ணுக்காக நாலு நாலாக வாங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஒரு சனலில் இரண்டு, மற்ற இரண்டில் ஒவ்வொன்று என்று கோணலாகிவிடும். சேர்வர் ஓடும், ஆனால் ஒரு பகுதி மெமரி மெதுவாகவே கிடைக்கும். ஆர்720க்கு நான்கின் மடங்கு.

சனலுக்கு மூன்றாவது ஸ்டிக்கையும் நிரப்பினால் வேகம் விழும். ஆர்710 தலைமுறையில் மூன்றையும் நிரப்பினால் 800க்கு இறங்கிவிடும். ஆர்720இலும் மூன்றாவது ஸ்லொட்டைத் தொட்டதும் இறக்கம்தான். கொள்ளளவு கட்டாயம் தேவை என்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் டிஸ்கில் ஸ்வாப் அடிப்பதைவிட மெதுவான ரேம் எவ்வளவோ மேல். தேவையில்லாமல் சின்னச் சின்ன ஸ்டிக்கால் எல்லா ஸ்லொட்டையும் நிரப்புவது மட்டும் வேண்டாம்.

ரேங்க்குக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சனலுக்கு எட்டு ரேங்க். நாலு ரேங்க் உள்ள ஸ்டிக் என்றால் இரண்டோடு அது தீர்ந்துவிடும், மூன்றாவது ஸ்லொட் வெறுமைதான். வேகத்தையும் அவை இழுத்துக் கீழே கொண்டுவரும். மலிவாகக் கிடைக்கும் பழைய 16 ஜிபி ஸ்டிக்குகள் சில நாலு ரேங்க், கவனமாகப் பாருங்கள். என் தெரிவு எப்போதும் இரண்டு ரேங்க் ஆர்டிம்.

இரண்டு புரொசசர் இருந்தால் இரண்டுக்கும் சமமாகப் பகிருங்கள். ஒவ்வொரு புரொசசரும் தன் பக்கத்து ரேமை நேரடியாக எடுக்கும், மற்றதன் ரேம் வேண்டுமானால் சுற்றி வர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தொழிற்சாலை ஆபீஸில் ஆர்720 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இ5-2620, நாலு 8 ஜிபி ஆர்டிம், ஏ1, ஏ2, பி1, பி2 ஸ்லொட்டுகளில். மொத்தம் 32 ஜிபி. சம்பளக் கணக்கு, ஃபைல் பகிர்வு, கேமரா பதிவு என்று மூன்று மெய்நிகர் மெஷின்கள் ஓடுகின்றன. அளந்து பார்த்ததில் 50 ஜிபி சுமார் தேவைப்படுகிறது. ஆகவே இலக்கு 64.

முதல் வழி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கி ஏ3, பி3இல் போடுவது. மொத்தம் 64தான். ஆனால் நாலில் மூன்று சனல், அதுவும் சமமில்லாத அளவு. கடைக்காரர் அநேகமாக இதைத்தான் சொல்வார், ஏனென்றால் எண்ணிக்கை குறைவு.

இரண்டாவது வழி, உள்ளே இருப்பதைப் போன்ற 8 ஜிபி ஸ்டிக் நாலு வாங்கி ஏ3, ஏ4, பி3, பி4இல் போடுவது. எட்டு சனலும் ஒவ்வொரு ஸ்டிக்கோடு நிரம்பும், வேகம் குறையாது, பழைய ஸ்டிக் எதையும் கழற்றிப் போட வேண்டியதில்லை, பின்னால் இன்னும் 16 ஸ்லொட் காலி. இதையே எடுங்கள்.

இன்னும் இரண்டு வருடத்தில் 128 ஜிபி கட்டாயம் வேண்டும் என்று தெரிந்தால் மூன்றாவது வழி: 16 ஜிபி எட்டு ஒரேயடியாக வாங்கிப் பழையதைக் கழற்றிவிடுவது. பிறகு பழைய நாலோடு இன்னும் நாலு 8 ஜிபி சேர்த்து ஏ5 முதல் ஏ8, பி5 முதல் பி8 வரை போட்டால் 192 ஜிபி. சனலுக்கு 16உம் 8உம் என்று எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருப்பதால் அந்தக் கலப்பு பரவாயில்லை. பெரிய ஸ்டிக் முதல் ஸ்லொட்டில் வர வேண்டும்.

192 ஜிபிக்கு மேல் தேவை என்றால் டிடிஆர்3 எல்ஆர்டிம் தேடி அலையாதீர்கள். அந்தப் பணத்தை ஆர்730 அல்லது டிஎல்380 ஜென்9 போன்ற, டிடிஆர்4 எடுக்கும் பழைய மெஷினுக்குப் போடுவது புத்திசாலித்தனம். டிடிஆர்4 288 முள், 1.2 வோல்ட். டிடிஆர்3 ஸ்லொட்டில் உட்காரவே உட்காராது.

வாங்கும்போது

பார்ட் நம்பரை எழுதிக் கொண்டு போங்கள். நாலு ஸ்டிக்கும் ஒரே பார்ட் நம்பரில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ரேங்க், எக்ஸ் எண், கடைசி எழுத்து ஆகிய மூன்றுமாவது ஒன்றாக இருக்கட்டும். எச்பி ஜென்8 மெஷின், எச்பி முத்திரை இல்லாத ஸ்டிக்கைக் கண்டால் ஓர் அறிவிப்பைக் காட்டும், சில அமைப்புகளில் வேகமும் குறையலாம். ஓடாமல் போகாது. மாற்றித் தரும் காலத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சோதிக்க ஓர் இரவு முழுவதும் வேண்டும், பார்சல் வந்து சேர ஒன்றிரண்டு நாள் போகும், ஆகவே ஒரு வாரத்துக்குக் குறைந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாட்டும் நாள்

பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பயோஸை முதலில் புதுப்பியுங்கள், புதிய ஸ்டிக் வகைகளை அடையாளம் காண அது உதவும். இடி மின்னல் நேரம் பார்த்து இந்த வேலையைத் தள்ளி வையுங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மலைநாட்டில் இடி சகஜம், பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். காலையில், யூபிஎஸ் சார்ஜோடு இருக்கும்போது செய்யுங்கள்.

சேர்வரை நிறுத்திய பின் பின்னால் இருக்கும் இரண்டு பவர் வயர்களையும் பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கி மற்றதை மறப்பவர்கள் உண்டு. பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். நிலைமின்னுக்கு மணிக்கட்டு வார் கட்டுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தை அடிக்கடி தொடுங்கள். ஈரப்பதமான ஊர்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி வரண்ட நாட்களில் கம்பளிச் சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தால் நிலைமின் தாராளமாக வரும்.

குளிரில் நின்றுபோன சேர்வரை ஈரமான சூடு வரும் இடத்துக்குக் கொண்டுபோனால் உலோகத்தில் நீர் படியும். தேயிலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்து அறையில் வைத்துத் திறக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. இடம் மாற்றினால் மூடியோடு சில மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு திறக்கவும். இந்த சேர்வர்களின் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 பாகை. நுவரெலியாவில் ஜனவரி இரவு அதற்குக் கீழே போகும், அங்கே சேர்வரை இரவில் அணைத்துவிடாமல் ஓட விடுவதே அதற்கு நல்லது.

மூடியைத் தூக்கியதும் ரேமை மறைத்தபடி ஒரு பிளாஸ்டிக் காற்று மூடி இருக்கும், அதை நேராக மேலே எடுங்கள். தொழிற்சாலைகளில் அதன் விளிம்பில் பழுப்பு நிறத் தேயிலைத் தூசி பஞ்சுபோல் படிந்திருக்கும். தூரிகையால் தட்டி, கையால் பிடிக்கும் ப்ளோவரால் வெளியே ஊதுங்கள். காலி ஸ்லொட்டுக்குள் அந்தத் தூசி விழுந்தால் தொடர்பு கெடும். ஸ்டிக்கின் தங்கமுலாம் விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், முலாம் தேய்ந்துபோகும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் அற்ககோல் நனைத்து ஒரே திசையில் துடைத்தால் போதும்.

டெல்லில் ஒவ்வொரு சனலின் முதல் ஸ்லொட்டுக்கு வெள்ளைக் கிளிப்; ஆர்720இல் இரண்டாவதுக்குக் கறுப்பு, மூன்றாவதுக்குப் பச்சை. வெள்ளை முழுவதும் நிரம்பிய பிறகே கறுப்பு. எச்பியில் ஏ, பி, சி என்று எழுத்து வரிசைப்படி, இரண்டு புரொசசருக்கும் மாறி மாறிப் போடுங்கள். இரு முனையையும் பெருவிரலால் ஒரே அழுத்தமாக அழுத்துங்கள், கிளிப் இரண்டும் தானே மேலே வந்து ‘டக்’ என்று பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் எடுத்து மறுபடி வையுங்கள். காற்று மூடியைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள், அது இல்லாமல் ரேம் சூடாகும்.

எழும்பிய பிறகு

டெல் முதல் தடவை மெமரி அளவு மாறிவிட்டது என்று சொல்லி நிற்கும், எஃப்1 அழுத்தினால் தொடரும். மொத்த அளவு பாதியாகக் காட்டினால் பதற வேண்டாம், பயோஸில் மெமரி நிலை, ஒரே தரவை இரண்டு இடத்தில் வைக்கும் மிரர் என்று இருக்கக்கூடும். டெல்லில் அதை ஒப்டிமைசர் நிலைக்கு மாற்றுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் காணவில்லை என்றால் அதைக் கழற்றி வேறு ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது, அந்த ஸ்லொட்டிலேயே நின்றால் ஸ்லொட் அல்லது புரொசசர் சொக்கெட்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஓட விடுங்கள். 64 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகும், மாலையில் தொடங்கிக் காலையில் பாருங்கள். காலையில் பிழை இல்லை என்று திரையில் வந்தாலும் அத்தோடு நிறுத்த வேண்டாம். ஈசிசி ஒற்றைப் பிட் பிழைகளைத் தானே திருத்திவிடும், அது மெம்டெஸ்டின் கண்ணில் படாமல் போகலாம். ஐடிராக் அல்லது ஐஎல்ஓ பதிவேட்டைத் திறந்து திருத்தப்பட்ட பிழை என்று எந்த ஸ்லொட்டுக்காவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஸ்லொட்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஸ்டிக்கை மாற்றித் தரும் காலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த இரண்டு வாரமும் அந்தப் பதிவேட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்லொட்டில் எந்தப் பார்ட் நம்பர், எந்தத் திகதியில் போட்டது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில், காற்று போகும் வழியை மறிக்காமல் ஒட்டுங்கள். கழற்றிய ஸ்டிக்குகளில் நல்ல இரண்டை நிலைமின் தடுப்புப் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஆபீஸ் அலுமாரியில் பூட்டி வையுங்கள். ஒரு ஸ்டிக் திடீரென்று போய்விட்டால், கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை சேர்வரை ஓட்ட அது போதும்.